கடைமடையிலிருந்து பாலாற்றங்கரைக்கு

காரைக்காலிலிருந்து மேற்கே திருநள்ளாற்றைக் கடந்து செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், இரு மருங்கும் வயல்கள் உடன்வர, சிறிது நேரத்தில் அம்பகரத்தூர் வந்துவிடும். பத்ரகாளியம்மன் கோயிலால் வெளியூர்களில் பெயர் பெற்ற ஊர் இது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் முஸ்லிம் குடும்பங்களும், ஐவேளையும் பாங்கோசை கேட்கும் தெருக்களும் இங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1898-ல் போடப்பட்ட காரைக்கால் - பேரளம் இரயில் பாதை இவ்வூரைத் தொட்டே சென்றது. 1987-ல் அது நிறுத்தப்பட்டபோது கண்கலங்கிய பெரியவர்கள், அதே தடத்தில் அகலப்பாதை போடப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தார்கள். பாதை போனதும் திரும்பியதும் ஒருபுறமிருக்க, இவ்வூரின் வாழ்வை உண்மையில் நடத்திச் செல்வது வேறொரு வழி. அது தண்ணீர் வரும் வழி.

நாங்கள் கடைமடைக்காரர்கள். காவிரிப் பாசனத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் நிலத்தைக் கடைமடை என்பார்கள். மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையில் பிரிந்து, தஞ்சையையும் குடந்தையையும் நனைத்து, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராசனாறு எனப் பல பெயர்களில் காரைக்கால் பகுதிக்குள் நுழையும்போது, மேலே உள்ளவர்கள் எல்லாரும் தங்கள் பங்கை எடுத்து முடித்திருப்பார்கள். நீரில் கடைசிப் பங்கு எங்களுக்கு. நீரோடு வருவனவற்றிலும் அப்படியே. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவுகளைச் சுமந்த நொய்யல் ஆறு கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் கலக்கிறது. அந்நொய்யலின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாகிப்போன கதை நாடறிந்தது. அச்சாயம் அம்பகரத்தூர் வரை வந்து எங்கள் சோற்றில் கலக்கிறது என்று நான் சொல்லவில்லை. காவிரி பெரியது, கலப்பதைக் கரைத்து மெலியச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் ஆற்றின் வாலில் குடியிருப்பவன், அதன் தலைமாட்டில் நடப்பதைக் கேட்டறிவது நியாயந்தானே?

இவ்வூரில் நாற்பதுகளின் இறுதியில் இருக்கும் ஒரு சகோதரர், இளமையில் ஆம்பூர்ப் பக்கம் சென்று, ஒரு டேனரியில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டுத் திரும்பினார். முதலில் சுண்ணாம்புத் தொட்டியிலும் பின்னர் குரோம் டிரம்மிலும் வேலை. இப்போது இரு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்திற்கு இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஹஜ்ரத், இது என் விதியா? இல்லை, நான் இறங்கி நின்ற தண்ணீரா?” என்று கேட்டார். அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் விசாரித்தேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்திருக்கின்றன. இன்ன காரணத்தால்தான் என்று ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட இயலாது என்றார். நேர்மையான பதில். ஆனால் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஷவ்வால் விடுமுறையில் பாலாற்றங்கரைக்குப் புறப்பட்டேன்.

அந்தப் பகுதி எனக்குப் புதிதன்று. அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள், ரமளானில் ரசீதுப் புத்தகத்துடன் படியேறும் ஊர்கள் அவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம். தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கிய பெருமக்களின் ஊர்கள். 1919-ல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924-ல் காகா ஹாஜி முஹம்மது உமர் சாஹிப் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும், மேல்விஷாரத்தில் வள்ளல் அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் விளங்கும் கல்லூரியும் அச்செல்வத்தின் நற்கனிகள். அவற்றை மறந்துவிட்டு ஒரு வரி எழுதினாலும் அது நன்றி கொன்றதாகும். அதே சமயம், அத்தொழிலின் கழிவு எங்கே போயிற்று என்று கேட்பதும் நன்றி கொன்றதாகாது.

ஆவாரம்பட்டையும் குரோமும்

தோல் பதனிடுதலைப் பற்றி நாங்கள் மாணவர்களுக்குத் தஹாரத் பாடத்திலேயே கற்பிக்கிறோம். அறுக்கப்படாமல் செத்த பிராணியின் தோல் பதனிடப்பட்டால் தூய்மையாகிவிடும். கருவேல இனத்தின் இலை, மாதுளைத் தோல் போன்ற துவர்ப்புப் பொருள்களால் பதனிட வேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. தமிழ்நாட்டின் பழைய முறையும் ஏறத்தாழ இதுவே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்த தோல், ‘ஈ.ஐ.’ தோல் என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறியது. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நிலைமை மாறியது 1970களில். 1972-ல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அனுப்புவதை விட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணிகளையும் ஏற்றுமதி செய்யும்படி அரசின் கொள்கையே தொழிலைத் திருப்பிவிட்டது. மேலை நாடுகளோ அழுக்கு மிகுந்த வேலை தம் நாட்டைவிட்டு அகன்றால் போதும் என்றிருந்தன. வாரக்கணக்கான வேலையைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்துக்கொடுத்தது. நீலநிறம் ஏறிய ஈரத்தோலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் டிரம்மில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. வழக்கமான முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. போதாக்குறைக்கு, தோல் கெடாமலிருக்க முதலில் பூசும் மூட்டை மூட்டையான உப்பும் கழுவி விடப்படுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 40 லிட்டர் நீர் கழிவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது.

அந்நீர் எல்லாம் பாலாற்றுப் படுகைக்குத்தான் போயிற்று. கருநாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தின் ஓரத்தைத் தொட்டு, தமிழகத்தில் நுழைந்து கடல்சேரும் ஆறு இது. மேலே வெள்ளம் காணும் நாள் குறைவு. மணலுக்கடியில் ஓடும் ஊற்றே இதன் உயிர். கிணறு தோண்டினால் இளநீர்போல நீர் கிடைத்த காலத்தை உமராபாத்தில் ஒரு முதிய ஆலிம் எனக்கு விவரித்தார். பிறகு அவரே ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்று, பள்ளிவாசலின் பின்னேயிருந்த கிணற்றைக் காட்டினார். வாளியை இறக்கி ஏற்றினேன். தேநீரின் நிறம், மேலே மெல்லிய நுரை. நாவின் நுனியில் வைத்துப் பார்த்தேன். கடலோரத்துக்காரனான எனக்கே அது கரித்தது. ஒளூச் செய்யவும் அங்கே லாரித் தண்ணீர்தான். நிறமும் சுவையும் வாடையும் மாறிய நீரைப் பற்றிய சட்டங்களை ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவன் நான். ஒரு மஹல்லாவே அந்தப் பாடத்துக்குள் வாழ்வதை அன்றுதான் கண்டேன்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28-ல் வழங்கிய தீர்ப்பு, இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளமாகிவிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும்; தீங்கு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இவ்விரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. வேலூர்ப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதையும் அது குறித்தது. பின்னர் அமைந்த ஆணையம் 2001-ல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளங்கண்டு, 547 டேனரிகள் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரவேண்டுமெனக் கணக்கிட்டது. தலைக்கு வகுத்துப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் கூட வராது. ஒரு கிணறு வெட்டவும் காணாது. கால் நூற்றாண்டு கழிந்தும் தீராத வழக்கில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், நிலுவை இழப்பீட்டை வழங்கி மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் அரசுக்கு ஆணையிட்டது. மன்றத்தின் பழைய தீர்ப்பைக் கேட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும்.

வடிகட்டியில் தங்குவது

இனி சிறுநீரகத்துக்கு வருவோம். நான் கலை பயின்றவன்; மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் பார்த்தும் தெளிந்ததையே கூறுகிறேன். நம் முதுகுப்புறம் விலாவின் கீழே, கைமுஷ்டி அளவில் இரண்டு உறுப்புகளை இறைவன் வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றில் வடிகிறது. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியதையெல்லாம் வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழாய்கள் உடலுக்குள் மீட்டுக்கொள்கின்றன. சர்க்கரை, உப்பு, புரதத்தின் கூறுகள் எதையும் வீணாக்காத சிக்கனமான இல்லத்தரசி போன்றவை அக்குழாய்கள்.

ஆபத்து அந்தச் சிக்கனத்தில்தான் நுழைகிறது. உடலுக்கு வேண்டிய உப்புகளைப் போன்ற வேடத்தில் வரும் நஞ்சையும் அக்குழாய்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. குரோமியத்தில் இருவகை உண்டு. டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது, தீங்கு குறைந்தது. ஆறு இணைதிறன் கொண்டதோ கொடியது. சல்பேட், பாஸ்பேட் உப்புகள் நுழையும் வாயில் வழியாகவே அது உயிரணுவுக்குள் புகுந்து, உள்ளே உருமாறும்போது அணுவையும் மரபுப்பொருளையும் சிதைக்கிறது. மிகுந்த அளவில் உட்புகுந்தால் சிறுநீரகக் குழாய்கள் சில நாட்களில் செத்துவிடும். சிறிய அளவில் நெடுங்காலம் தொடர்ந்தால் குழாய்களின் மீட்கும் ஆற்றல் மெல்லக் குன்றுவதை, இத்தொழில்களில் உழைப்போரிடம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நிலத்தில் கிடக்கும் முதல்வகை, மாங்கனீசு கலந்த மண்ணில் இரண்டாம் வகையாக மாறவும் கூடும்.

உலோகம் மக்காது, எரிந்தும் போகாது. காட்மியம் என்னும் உலோகம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகுமாம். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவால் அந்த நஞ்சு வயலுக்கு வந்தது. வயலிலிருந்து அரிசிக்கு வந்தது. அரிசியிலிருந்து பெண்களின் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் வந்தது. எலும்புகள் நொறுங்கி வலியால் அவர்கள் அலறியதால், ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்ற பொருளில் ‘இத்தாய் இத்தாய்’ என்றே அந்நோய்க்குப் பெயர். 1968-ல்தான் அந்நாட்டு அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. நெல்விளையும் ஊரில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைப் படிப்பது எளிதன்று.

மனிதன் செய்த அழியாப் பொருளும் உண்டு. நீர் ஒட்டாத தோல், கறை படியாத துணி, எண்ணெய் ஒட்டாத வாணலி ஆகியவற்றுக்காக ஆக்கப்பட்ட ஃபுளூரின் சேர்மங்களை ‘என்றும் அழியாத வேதிப்பொருள்கள்’ என்றே அழைக்கிறார்கள். சிறுநீரகம் இவற்றை வெளியே தள்ளுவதற்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப மீட்டுக்கொள்வதால், சில வகைகள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் டூபாண்ட் ஆலையைச் சூழ்ந்த மக்களில் சுமார் 69,000 பேரைச் சோதித்த அறிவியல் குழு, 2012-ல் இப்பொருளுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி என்று முடிவு கூறியது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதனை விலக்கத் தீர்மானித்தன.

உப்பைப் பற்றி ஒரு சொல். குரோமியம் என்றதும் அஞ்சுகிற நாம், உப்பை நஞ்சாகக் கருதுவதில்லை. கரிக்கும் நீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் ஏறும்; அழுத்தம் ஏறினால் நுண்வடிகட்டிகள் தேயும். எந்த ஆலையும் இல்லாத கடலோரக் கிராமங்களுக்கும் இது பொருந்தும். எங்கள் காரைக்கால் பக்கத்துக்கும் பொருந்தும்.

இராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

பயணத்தின் மூன்றாம் நாள் இராணிப்பேட்டை சிப்காட் சென்றேன். டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்த ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ ஆலை அங்கேதான் 1970களின் நடுவில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஆறு இணைதிறன் குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். திறந்தவெளியில் ஒரு குன்றாகக் குவிந்த அதிலிருந்து மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்து, நிலத்தடியில் பரவியது. உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. ஊர்ப்பெயர் உலகப் பட்டியலில் ஏறுவதற்கு எத்தனையோ நல்ல வழிகள் இருக்க, இப்படி ஏறியது.

அதே சிப்காட்டில்தான் 2015 ஜனவரி 31 பின்னிரவில், டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டியில் இறங்குபவர்கள் யார் என்று ஊர்தோறும் கேட்டேன். தலித் மக்கள், நம் சமுதாயத்தின் ஏழைகள், இப்போது வடநாட்டு இளைஞர்கள். கையுறையும் காலுறையும் மேசைமேல் இருக்கும்; சோதனைக்கு வருகிற நாளில் அணிவார்கள் என்றார் ஒரு தொழிலாளி. சுத்திகரிப்பை ஒழுங்காகச் செய்து, கழிவுநீரை மீண்டும் பயன்படுத்தும் டேனரிகளும் இருக்கின்றன. அதற்குப் பெருஞ்செலவாகிறது, வெளிநாட்டு வணிகரோ காலணிக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார் என்று ஒரு முதலாளி வருந்தினார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒரு ரூபாயை இப்போது டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க புகாரியில் பதிவாகியுள்ள கப்பல் உவமையை நாம் குத்பாக்களில் கூறுவதுண்டு. மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். தண்ணீருக்காக மேலே ஏறி இறங்கித் தொல்லை தருவதை விட, கீழேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாம் எனக் கீழ்த்தளத்தார் எண்ணுகிறார்கள். மற்றவர்கள் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பாலாற்றில் ஓட்டை மேல்தளத்தில் போடப்பட்டது. அது ஒன்றே வேறுபாடு. நீர்த்துறையில் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலென்று தடுத்த மார்க்கம், குரோமியத்துக்குத் தனிச்சட்டம் கூறவில்லையே என்று எவரும் வாதாட முடியாது. ஆலிம்களாகிய நாங்கள் இதை டேனரி உள்ள ஊர்களின் மிம்பர்களிலேயே பேச வேண்டும். ரமளான் வசூலுக்கு அது இடையூறாகும் என்ற தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே பேசவேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. நோயும் மருந்தும் ஒரே ஆற்றின் கரையில் இருப்பதை எண்ணியபடி அங்கு ஒரு மருத்துவரிடம் கேட்டறிந்த சிலவற்றை நம் வீடுகளுக்காக எழுதுகிறேன். சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகும் வரை வலியோ வீக்கமோ தெரியாமலிருக்கலாம். எனவே டேனரியிலும் சாயப்பட்டறையிலும் பேட்டரி, முலாம் பூசும் பட்டறைகளிலும் உழைத்தவர்கள், சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்கள், ஆண்டுக்கொரு முறை இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும், உலோகம் சேர்ந்த குஷ்தாக்களும் பஸ்பங்களும், பழுதான சிறுநீரகத்தை மேலும் விரைந்து கெடுக்கும். கிணற்று நீரில் உலோகம் இருந்தால் காய்ச்சுவதால் அது போகாது. நீர் ஆவியாகி உலோகத்தின் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம். அதைக் கண்ணால் அறிய முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்தச் சகோதரரிடம், அவர் கேட்ட கேள்விக்கு எவராலும் உறுதியான விடை தர இயலாது என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் வேலை பார்த்த இடத்தில் தொழிலாளர்களுக்கு ஒருமுறையேனும் இரத்தச் சோதனை நடந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். நடக்கவில்லை. இப்போது அவருடைய தங்கை மகன் அதே ஊருக்கு, அதே வேலைக்குப் போகவிருக்கிறான். போகுமுன் கிரியேட்டினின் பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளும்படி அவனிடம் கூறியிருக்கிறேன். எங்கள் பள்ளிவாசல் ஹவுளின் நீரையும் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாக் கிணற்றின் நீரையும் இரண்டு புட்டிகளில் அடைத்து ஆய்வுக்கு அனுப்ப ஜமாஅத் நிர்வாகிகள் இசைந்திருக்கிறார்கள்.